சதுர அடிக்கு எட்டு ரூபாயா, இருபத்தெட்டா? வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவுக் கணக்கு

ஒரே வீட்டை மூன்று பெயிண்டர்களிடம் காட்டுங்கள். ஒருவர் சதுர அடிக்கு 8 ரூபாய் என்பார், அடுத்தவர் 14 என்பார், மூன்றாமவர் 28 சொல்லுவார். மூவருமே நியாயமான விலையைச் சொல்லியிருக்கக்கூடும். முதலாமவர் சொன்னது வெறும் கூலி. சாமான் முழுவதும் வீட்டுக்காரர் வாங்கித் தர வேண்டும். இரண்டாமவர் பெயிண்டையும் சேர்த்துச் சொன்னார், ஆனால் இருக்கிற சுவர்மேலேயே இரண்டு கை, அதாவது இரண்டு முறை பெயிண்ட், ஓட்டிவிட்டுப் போவதற்கான விலை அது. மூன்றாமவர் கணக்கில் பழைய பூச்சைச் சுரண்டுவது, சுவரைச் சமப்படுத்தும் பட்டி இரண்டு கை, உப்புத்தாள் தேய்ப்பு, பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சாகிய பிரைமர், அதற்குமேல் தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்டான எமல்ஷன் இரண்டு கை எல்லாம் அடக்கம். வேலை என்னவென்று கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் எட்டு ரூபாய்க்காரரே மலிவாகத் தெரிவார். வேலை முடிகிற நாளில் அவரே அதிகச் செலவு வைத்தவராகவும் இருக்கலாம்.

இங்கே சொல்லும் விலைகள் தமிழ்நாட்டில் இப்போது நடப்பவற்றை ஒட்டிய தோராயம். சென்னையிலும் கோவையிலும் மேல் எல்லைக்கும், சிறிய ஊர்களில் கீழ் எல்லைக்கும் பக்கமாக இருக்கும். பெயிண்டரின் நாள் கூலி பெரும்பாலும் 900 முதல் 1,200 ரூபாய். கூட வரும் கையாளுக்குக் கொஞ்சம் குறைவு.

எந்தச் சதுர அடி?

முதல் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 800 சதுர அடி வீடு என்றால் அது தரையின் அளவு. பெயிண்டருக்குத் தர வேண்டியது சுவர், மேல்தளம் இரண்டின் அளவுக்கு. உள்பக்கம் மட்டும் கட்டிய பரப்பைப்போல மூன்று முதல் மூன்றரை மடங்கு வரும் என்று வாய்க்கணக்காகச் சொல்லுவார்கள். அந்தக் கணக்கு ஏறக்குறைய சரிதான், ஆனாலும் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. டேப் பிடித்து அளக்க ஒரு மணி நேரம் போதும்.

12 அடிக்கு 11 அடி படுக்கையறை, உயரம் 10 அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 46 அடி. பத்தால் பெருக்கினால் 460. மேல்தளம் 132. ஆக 592 சதுர அடி. இப்படியே 18க்கு 12 கூடம் 816, 11க்கு 10 அறை 530 வரும். 9க்கு 8 சமையலறையில் டைல்ஸ் ஒட்டிய இடம் போக ஏறத்தாழ 300. இரண்டு குளியலறையிலும் ஏழடிக்கு மேல் இருக்கிற சுவரும் தளமும் 168. நடை, பூஜை மாடம், பரணின் அடிப்பக்கம் எல்லாம் சேர்த்து 250 என்று வைத்தால் மொத்தம் 2,650 சதுர அடிக்குச் சற்று மேல். இதில் மேல்தளம் மட்டும் 640. பிறகு வரும் கணக்கெல்லாம் இந்த வீட்டை வைத்துத்தான்.

சாதாரணக் கதவு, ஜன்னலுக்கு அளவைக் கழிக்க மாட்டார்கள். திறப்பைச் சுற்றியுள்ள ஓரங்களையும், நிலையில் படாமல் பிரஷ் பிடித்து மெதுவாக இழுக்கிற வேலையையும் அதற்கு ஈடாக வைத்துக்கொள்வது வழக்கம், இதில் தவறில்லை. ஆனால் ஒரு சுவர் முழுக்க அலமாரி அடைத்திருந்தால், ஆள் உயரத்துக்கு டைல்ஸ் ஏறியிருந்தால், கதவு இல்லாத பெரிய திறப்பு இருந்தால் அவற்றைக் கழித்தே ஆக வேண்டும். 7 அடிக்கு 7 அடி அலமாரி இரண்டு இருந்தாலே கிட்டத்தட்ட 100 சதுர அடி.

உள்சுவர்: மறுபூச்சும் புதுப்பூச்சும்

முன்பே எமல்ஷன் அடித்த, நல்ல நிலையில் இருக்கிற சுவர் என்றால் வேலை எளிது. தேய்ப்பு, ஆணித் துளைகளுக்கும் கீறல்களுக்கும் பட்டி, பட்டி வைத்த இடத்தில் பிரைமர், பிறகு இரண்டு கை. நம் வீட்டில் சுவர் மட்டும் 2,000 சதுர அடி. நடுத்தர எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கைக்கு நடைமுறையில் 60 முதல் 70 சதுர அடி ஓடும். டப்பாவில் இதைவிட அதிகமாகப் போட்டிருக்கலாம். அது வழவழப்பான, உறிஞ்சாத பரப்புக்கான அளவு. ஆக 31 லிட்டர், லிட்டர் 330 ரூபாய் என்று வைத்தால் 10,200. மேல்தளத்துக்குச் சாதாரண வெள்ளை 10 லிட்டர், 1,800. பிரைமர் 10 லிட்டர் 1,300. பட்டி ஒரு மூட்டை 900. உப்புத்தாள், ரோலர், பிரஷ், ஒட்டும் டேப், தரையில் விரிக்கும் ஷீட் 1,500. சாமான் 15,700 ஆகிறது. இரண்டு பேர் எட்டு நாள் வேலை, கூலி 16,000. மொத்தம் 32,000க்குச் சற்றுக் குறைவு. சதுர அடிக்கு 12 ரூபாய். கான்ட்ராக்டர் வழியாகப் போனால் அவருடைய லாபமும் சேர்ந்து 13 முதல் 16 வரை கேட்பார்.

புதுச்சுவரிலோ, முழுக்கப் பட்டி பார்க்க வேண்டிய பழைய சுவரிலோ கணக்கு வேறு. 40 கிலோ பட்டி மூட்டை இரண்டு கைக்கு 450 முதல் 550 சதுர அடி வரும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலில் பூசிய சொரசொரப்பான சுவராக இருந்தால் இன்னும் குறையும். ஆறு மூட்டை 5,400. பிரைமர் 24 லிட்டர் 3,100. பெயிண்ட், சுவருக்கும் மேல்தளத்துக்கும் சேர்த்து, அதே 12,000. இதர சாமான் 2,000. சேர்த்தால் 22,500. கூலியோ சதுர அடிக்கு 13 அல்லது 14 என்று 36,000ஐத் தொடும். ஆக 58,000, சதுர அடிக்கு 22 ரூபாய். பெயிண்டின் தரத்தை மேலே ஏற்றினால் 28 வரும்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பெயிண்டின் செலவு மாறவே இல்லை. கூடிய 26,000 ரூபாயும் பெயிண்டுக்கு அடியில் போகிற வேலைக்குத்தான், அதிலும் பெரும்பங்கு ஆள் கூலிக்கு. ஆகவே பேரம் பேசும்போது லிட்டருக்கு முப்பது ரூபாய் குறைந்த பிராண்டைத் தேடுவதில் மிச்சப்படுவது ஆயிரம் ரூபாய். கூலியை மிகவும் அடித்துக் குறைத்தால் பெயிண்டர் எங்கே ஈடு கட்டுவார் என்றால், பட்டியின் இரண்டாவது கையிலும் தேய்ப்பிலும்தான். இரண்டுமே வேலை முடிந்த அன்று கண்ணுக்குத் தெரியாது. மாலையில் விளக்குப் போட்டதும் பக்கவாட்டு வெளிச்சத்தில் சுவர் அலை அலையாகத் தெரியும்போதுதான் புரியும்.

எந்தப் பெயிண்ட்?

எமல்ஷனில் விலையைத் தீர்மானிப்பவை இரண்டு. மறைக்கும் திறன் தருகிற டைட்டானியம் டையாக்சைடு ஒன்று; துகள்களைச் சுவரோடு பிடித்துவைக்கும் பிசின் மற்றொன்று. மலிவான பெயிண்டில் இரண்டும் குறைவு, அந்த இடத்தைச் சுண்ணாம்புக்கல் மாவு போன்ற நிரப்பிகள் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அது ஈரத்துணி பட்டால் கையோடு வருகிறது. இன்றைய விலையில் சாதாரண உள்சுவர் எமல்ஷன் லிட்டர் 150 முதல் 220, நடுத்தரம் 280 முதல் 380, உயர்தரம் 500 முதல் 700 வரை. ஏசியன், பெர்ஜர், நெரோலாக், நிப்பான், டூலக்ஸ், 2024இல் சந்தைக்கு வந்த பிர்லா ஓபஸ் என எல்லா நிறுவனங்களுமே இந்த மூன்று படிகளிலும் சரக்கு வைத்திருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் ஒரே படிக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, படிக்குப் படி இருக்கும் வித்தியாசமே பெரிது. கடை விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். 2018 ஜூலை வரை அது 28 சதவீதமாக இருந்தது.

மேல்தளத்துக்கு உயர்தரப் பெயிண்ட் வீண். அங்கே யாரும் கை வைப்பதில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் கூடத்துக்கும் நடைக்கும் உயர்தரம் போடுவது நல்ல செலவு. சமையலறையில், துடைத்தாலும் கறை போகாத மலிவுப் பெயிண்ட் ஒரே வருடத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துவிடும். அடர்ந்த நிறங்களுக்கு, அதிலும் சிவப்பு, மஞ்சள் வகைக்கு, லிட்டருக்குக் கூடுதல் விலை, மூன்றாவது கையும் தேவைப்படும். ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் கேட்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரின் உடல்நிலை

எஸ்டிமேட் இரட்டிப்பாவது இங்கேதான். பெயிண்ட் உரிந்து விழுகிற வீடுகளில் பெரும்பாலும் பெயிண்ட் மேல் குற்றம் இருக்காது.

சுண்ணாம்பு அடித்த பழைய வீடுகளில் பத்து இருபது வருட வெள்ளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். அதன்மேல் பட்டியோ எமல்ஷனோ போட்டால் சுவரைப் பிடிக்காமல் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும். சில மாதத்தில் அப்பளம்போல ஏடு ஏடாகக் கழன்று வரும். தண்ணீர் தெளித்து, பட்டித்தகட்டால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். சுண்ணக்கட்டி மாவில் செய்த மலிவுப் பூச்சான டிஸ்டெம்பருக்கும் இதே கதிதான். இதற்குச் சதுர அடிக்கு 2 முதல் 4 ரூபாய் தனிக்கூலி. எஸ்டிமேட்டில் ‘சுரண்டுதல்’ என்ற வார்த்தை இல்லையென்றால் அந்த வேலை நடக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஓதம் இதைவிடத் தொல்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் ஈரமேறி, வெள்ளையாக உப்புப் பொரிந்து, பெயிண்ட் கொப்பளிக்கும். கடலோர ஊர்களில் இது அதிகம். உப்புத்தண்ணீர் ஏறிய போர் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீடுகளில் எங்குமே உண்டு. சுவருக்குள் கரைந்திருக்கிற உப்பு ஈரத்தோடு வெளியே வந்து, காயும்போது படிகமாக விரிந்து பூச்சைத் தள்ளுகிறது. மேலே எந்த விலைப் பெயிண்ட் அடித்தாலும் உள்ளிருந்து தள்ளுவது நிற்காது. பாதித்த பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுத்து, செங்கலைக் காயவிட்டு, ஈரத்தடுப்பு மருந்து கலந்து மறுபடி பூச வேண்டும். இது கொத்தனார் வேலை. சதுர அடிக்கு 60 முதல் 100 ரூபாய் ஆகும். பூசிய இடம் குறைந்தது நான்கு வாரம் காய வேண்டும். பூச்சில் இருக்கும் சிமென்டின் காரம் ஈரத்தோடு சேர்ந்து பெயிண்டின் நிறத்தைத் தின்றுவிடும், பிசினைக் கெடுக்கும். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டு, பூசிப் பத்தே நாளில் பெயிண்ட் அடிக்கிற வீடுகளில் திட்டுத் திட்டாக வெளுப்பதற்கு இதுவே காரணம். நாள் நெருக்கினால் அப்போதைக்கு பிரைமர் மட்டும் அடித்து விழாவை நடத்திவிட்டு, மழைக்காலம் ஒன்று கழிந்தபின் பெயிண்ட் அடிப்பதே நல்லது.

மேல்தளத்தில் மஞ்சள் வட்டங்கள் தெரிந்தால் முதலில் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தட்டோடு பெயர்ந்திருக்கும், இல்லையென்றால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை பிளந்திருக்கும், அல்லது மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் கீழே அடிக்கிற பெயிண்ட் அடுத்த ஐப்பசி வரைக்கும்தான்.

தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடாக ஓடும் விரிசலைப் பட்டியால் அடைத்தால் திரும்ப வாய் திறக்கும். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலில் வெவ்வேறு அளவு விரிகின்றன. விரிசலை ‘வி’ வடிவில் கீறி, வளைந்து கொடுக்கும் விரிசல் நிரப்பி வைத்து, மேலே கண்ணாடியிழை வலை ஒட்டிப் பட்டி பார்க்க வேண்டும்.

வெளிச்சுவர்

நம் வீடு 32க்கு 25 அடி, ஒரே தளம். சுற்றளவு 114; கைப்பிடிச் சுவரின் உட்பக்கம், சன்ஷேட், முகப்பு எல்லாம் சேர்த்து 2,100 சதுர அடி. சுவர் சொரசொரப்பாக இருப்பதால் லிட்டருக்கு 50 சதுர அடிக்கு மேல் ஓடாது. நடுத்தர வெளிச்சுவர் எமல்ஷன் 42 லிட்டர் 13,900, பிரைமர் 20 லிட்டர் 3,000, விரிசல் வேலைக்கு 1,500, கூலி 19,000. மொத்தம் 37,400. சதுர அடிக்கு 18. மாடி வீடு என்றால் சாரம் கட்டும் செலவு தனி. அதை யார் தருவது என்பதை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். கயிற்றில் தொங்கி அடிக்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமையும்கூட. அதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடினால் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

பாசி பிடித்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, தேய்த்து, முழுக்கக் காயவிட்ட பிறகே பிரைமர். பாசியின்மேல் அடித்தால் அது பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வரும். உள்சுவருக்கான பெயிண்டையோ மலிவான ஜிப்சம் பட்டியையோ வெளியே போடவே கூடாது. குளியலறையிலும் வெள்ளைச் சிமென்ட் பட்டி மட்டுமே தாங்கும்.

கதவு, ஜன்னல்

இவற்றைத் தனியாகவே பேச வேண்டும். அரசு அளவு முறையில் 3க்கு 7 பேனல் கதவின் பரப்பை ஒரு பக்கத்துக்கு 1.3ஆல் பெருக்குவார்கள், இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 55 சதுர அடி. எண்ணெய்ப் பெயிண்டான எனாமல் இரண்டு கைக்கு ஒரு கதவு 1,200 ரூபாயைச் சுற்றி வரும். ஐந்து கதவு, ஆறு ஜன்னல், கம்பிகள் எல்லாம் 10,000 முதல் 12,000. தேக்குக் கதவுக்குப் பாலிஷ் என்றால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பழைய எனாமலைத் தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை: வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப்பக்கம் விடாதீர்கள்.

ஆக இந்த 800 சதுர அடி வீட்டுக்கு உள்ளும் வெளியும் மறுபூச்சு, கதவு ஜன்னலோடு, 80,000 ரூபாய்க்கு அருகில். ஓதம், மாடி ஒழுக்கு இருந்தால் அவை இதற்குமேல்.

பணம் எங்கே கசிகிறது

தண்ணீர் முதல் வழி. உள்சுவர் எமல்ஷனில் லிட்டருக்கு 400, 500 மில்லி தண்ணீர் சேர்க்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அதற்குமேல் ஊற்றினால் பெயிண்ட் கூடுதலாக ஓடும், சுவரில் படிகிற படலம் மெலியும். இரண்டாவது கை அடித்தும் பழைய நிறம் தெரிகிறதென்றால் இதுவே காரணமாக இருக்கும். பக்கெட்டுகளை வீட்டுக்காரர் முன்னால் திறப்பது, காலி பக்கெட்டுகளை வேலை முடியும்வரை வெளியே அனுப்பாமல் வைப்பது என்ற இரண்டும் போதும். 31 லிட்டர் வாங்க வேண்டிய இடத்தில் 20 லிட்டர் பக்கெட் ஒன்றுதான் காலியாகியிருந்தால் கணக்கு தானே பேசும்.

பல நிறுவனங்களின் பக்கெட்டுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கனோ ஸ்கேன் செய்யும் கூப்பனோ இருக்கும். அது அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அவர் ஒரு பிராண்டையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை வீட்டுக்காரர் மனதில் வைத்துக்கொண்டால் போதும். டோக்கனை அவரே எடுத்துக்கொள்ளட்டும், பிராண்டும் படியும் உங்கள் முடிவாக இருக்கட்டும்.

பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது: எந்தப் பெயிண்ட், எந்தப் படி, பட்டி எத்தனை கை, பிரைமர் எத்தனை கை, அளவு எத்தனை சதுர அடி, சுரண்டுதல் உண்டா, சாரம் யாருடையது, ஜிஎஸ்டி சேர்ந்ததா, சாமான் நகர்த்துவதும் கடைசியில் தரை துடைப்பதும் யார் பொறுப்பு. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பிரைமர் முடிந்து சுவரைக் கையால் தடவிப் பார்த்தபின் அடுத்த பங்கு. கடைசிப் பங்கை, பகலிலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்து, விட்டுப்போன இடங்களைச் சரிசெய்த பிறகு கொடுக்கலாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங் செலவென்று அட்வான்சிலிருந்து பிடிப்பது சென்னையில் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

காலமும் விலையைத் தீர்மானிக்கும். மார்கழியில் பொங்கலுக்கு முன் எல்லா வீட்டிலும் வேலை நடக்கும், கூலி ஏறும், நல்ல ஆள் கிடைப்பது அரிது, அவசரத்தில் கை காயும் முன் அடுத்த கை ஏறும். ஒரு கைக்கும் அடுத்ததற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஈரக்காற்று நாளில் இன்னும் கூடுதல். வெளிச்சுவருக்கு மாசி, பங்குனி சிறந்த மாதங்கள். சித்திரை வெயிலில் அடிப்பதென்றால் நிழல் விழுகிற சுவராகப் பார்த்து மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். கொதிக்கிற சுவரில் பெயிண்ட் படியும் முன் காய்ந்து ரோலர் தடம் நிற்கும்.

நிறம் கலக்கும்போது ஒரு நிறத்துக்குத் தேவையான மொத்தத்தையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். இரண்டாவது தடவை கலப்பதில் சில சமயம் நிறம் சற்று மாறும். சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லிட்டர் மிச்சம் வைத்து, மூடியின்மேல் நிற எண்ணையும் எந்த அறை என்பதையும் எழுதி, இறுக மூடி, வெயில் படாத பரணில் வைத்தால், ஆறு மாதத்தில் அலமாரி நகர்த்தி விழுந்த கீறலுக்கு முழுச் சுவரையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்காது.